தோட்டப்புற மண்டபத்தில் நாடகம்: மேடையையும் வெளிச்சத்தையும் அமைக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் நாடகம் போட நினைப்பவர்களுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: தமிழ்ப்பள்ளி மண்டபம், கோயில் மண்டபம், இல்லையென்றால் ஊர்ப் பொது டேவான் (மண்டபம்). மூன்றுமே நாடகத்துக்கென்று கட்டியவை அல்ல. தகரக் கூரை, சுவரின் மேற்பகுதியில் வரிசையாகக் காற்றுத் துவாரங்கள், தொங்கும் மின்விசிறிகள், தரையில் பூப்பந்து (பேட்மின்டன்) கோடுகள், ஒரு முனையில் மூன்றடி உயர மேடை, அதற்கு மேலே நாலைந்து டியூப் லைட்.

அந்த டியூப் லைட்டுகளை எல்லாம் போட்டு, பின்னால் ஒரு சீனை (தீட்டிய திரையை) தொங்கவிட்டு நாடகத்தைத் தொடங்கினால் எல்லாமே தெரியும். சிக்கலே அங்குதான் இருக்கிறது. பேசுகிறவரின் முகம், தன் வசனத்துக்குக் காத்து நிற்பவரின் வெள்ளைச் சட்டை, சீன் துணியின் சுருக்கம், ஓரத்திலிருந்து எட்டிப் பார்க்கும் பிள்ளை என அத்தனையும் ஒரே அளவு வெளிச்சத்தில் நிற்கும். மனிதக் கண் எது பளிச்சென்று இருக்கிறதோ, எது அசைகிறதோ அதைத் தேடிப் போகும். மேடையில் ஒரு தாய் அழும்போது சபையில் சலசலப்பு எழுந்தால், நடித்தவரைக் குறை சொல்லுமுன் அந்த நேரத்தில் வேறு என்னவெல்லாம் கண்ணில் பட்டது என்று பாருங்கள். மேடை அமைப்பு, ஒளியமைப்பு இரண்டுக்கும் வேலை ஒன்றே: இந்த நொடியில் சபையின் கண் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்து, அங்கே கொண்டுபோய் நிறுத்துவது.

கணக்குக்காக 24 அடி அகலமும் 16 அடி ஆழமும் உள்ள மேடை, ஒரு மணி நேர நாடகம், வாடகைக்கு எடுத்த எட்டு எல்.இ.டி. பார் லைட் (ஒரு திசையில் ஒளி பாய்ச்சும் மேடை விளக்கு), இரண்டு 500 வாட் ஹாலோஜன் விளக்கு என்று வைத்துக்கொள்வோம். கதை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டைக் காலி செய்யும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. உங்கள் அளவு வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். வேலையின் வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலில் நாற்காலியில் உட்காருங்கள்

மேடையில் ஏறுமுன் நாற்காலிகளைப் போட்டு நான்கு இடங்களில் உட்கார்ந்து பாருங்கள்: முன்வரிசையின் இரு கோடிகள், பின்வரிசையின் இரு கோடிகள். முன்வரிசைக் கோடியிலிருந்து பார்த்தால் மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் எவ்வளவு தூரம் தெரிகிறது? அங்கே ஒருவரை நடக்கவிட்டு, அவர் முழுவதும் மறையும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். நடிகர்கள் காத்திருக்க வேண்டியது அந்த டேப்புக்கு அப்பால்தான்.

அளவெடுக்கத் தனி நாடா தேவையில்லை. தரையிலுள்ள பூப்பந்து ஆடுகளமே அளவுகோல். நீளம் 44 அடி, அகலம் 20 அடி, ஒற்றையர் கோடுகளுக்கு நடுவே 17 அடி, வலையிலிருந்து முன் சர்வீஸ் கோடு ஆறரை அடி. ஆடுகளம் மேடைக்கு நேராக நடுவில் அமைந்திருந்தால் மண்டபத்தின் வரைபடம் பத்து நிமிடத்தில் தாளுக்கு வந்துவிடும்.

சமதரை மண்டபத்தில் பலருக்கும் தெரியாமல் நடக்கும் தவறு ஒன்று உண்டு. உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில் இருக்கும். நான்காம் வரிசையிலிருந்து பார்த்தால் முன்னிருப்பவர்களின் தலை மேடைத் தரையை மறைத்துவிடும். நம் கதைகளிலோ பாதி நேரம் யாராவது தரையில் உட்கார்ந்துதான் இருப்பார்கள்: வெற்றிலை மடிக்கும் பாட்டி, கீரை ஆயும் அம்மா, வாசற்படியில் மகன். அவர்கள் உட்காரும் இடத்துக்கு மட்டும் ஓரடி உயரப் பலகை போடுங்கள். 8 அடிக்கு 4 அடிப் பலகை ஒன்றே போதும், அதுவே வீட்டுத் திண்ணையாகவும் ஆகிவிடும். அதன் மேல் இரண்டு பெரியவர்கள் குதித்தாலும் அசையாமலிருக்க அடியில் இரண்டடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடிக்க வேண்டும். வெறும் நான்கு கால்களில் நிறுத்தினால் நடக்கும்போது முரசு போல் ஒலிக்கும். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே பழைய கார்பெட் துண்டுகளை வைத்தால் சத்தம் அடங்கும்.

கண் பட்டியல்

வசனப் பிரதியை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: சபையின் கண் எங்கே? ‘கடிதம்.’ ‘பாட்டியின் கை.’ ‘மூடிய கதவு.’ ‘எங்குமில்லை, இருட்டு.’ ஓரிடத்தில் இரண்டு சொற்கள் எழுதத் தோன்றினால் அந்தக் காட்சி இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள். இயக்குநரோடு பேசி ஒன்றாக்குங்கள். ஒரு மணி நேர நாடகத்துக்கு இருபது, இருபத்தைந்து சொற்கள் சேரும். பின்னர் விளக்கு மாற்றங்கள் எழுதப்போவது இவற்றிலிருந்துதான். இந்தப் பட்டியல் இல்லாமல் விளக்கு வாடகைக்குப் போனால், கடைக்காரர் என்ன வைத்திருக்கிறாரோ அதுதான் உங்கள் ஒளியமைப்பு.

மேடையில் என்ன நிற்க வேண்டும்

தீட்டிய சீன் நம் மரபில் ஆழமாக ஊறியது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களிலும் சிறுவர்கள் நடித்த பாய்ஸ் கம்பெனிகளிலும் தெரு, தர்பார், காடு எனச் சுருட்டி இறக்கும் சீன்கள் இருந்தன. நவாப் ராஜமாணிக்கம் குழுவின் தந்திரக் காட்சிகளை மக்கள் பேசிப் பேசி மகிழ்ந்தார்கள். அதையெல்லாம் குறைத்துச் சொல்வது நோக்கமல்ல. ஆனால் தீட்டிய சீனுக்கும் இன்றைய கூர்மையான விளக்குக்கும் ஒத்துவராது. ஓவியர் இடப்பக்கம் வெயிலை வைத்து நிழல் தீட்டியிருப்பார், உங்கள் விளக்கு வலப்பக்கமிருந்து அடிக்கும். தூரத்து வீடாகத் தீட்டிய கூரைக்கருகே நடிகர் போய் நின்றால், வீட்டைவிட உயரமாகிவிடுவார். சுவிட்சர்லாந்தின் மேடை வடிவமைப்பாளர் அடோல்ப் அப்பியா (1862–1928) இதைத்தான் சொன்னார்: நடிகரின் உடல் மூன்று பரிமாணம் கொண்டது, அதனருகே நிற்க வேண்டியவை படிகள், சுவர்கள் போன்ற கனமுள்ள பொருள்கள், அவற்றுக்கு உயிர் கொடுப்பது வெளிச்சம்.

ஆகவே லயத்து வீட்டுக்கு முழு வீடு கட்ட வேண்டாம். ஒரு கதவுச் சட்டம், அதன் இருபக்கமும் ஒவ்வொரு சுவர்ப்பலகை, நீங்கள் போட்ட திண்ணை, ஒரு தூண், துணி உலர்த்தும் கம்பி. இவ்வளவு போதும், மிச்சத்தைச் சபை தானே கட்டிக்கொள்ளும். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் ஊரில் இது இன்னும் உண்மை.

சுவர்ப்பலகை செய்ய: 1×2 அங்குலச் சட்டத்தில் 4×8 அடி அளவுக்குச் செவ்வகம், நடுவில் இரண்டு குறுக்குச் சட்டம், நான்கு மூலைகளிலும் முக்கோணப் பிளைவுட் துண்டு, மேலே 3 மில்லிமீட்டர் பிளைவுட். பின்னால் சாய்வாக ஒரு முட்டுக் கொடுத்து, முட்டின் காலில் 10 கிலோ மணல் மூட்டை வையுங்கள். கதவு உள்ள பலகைக்கு, கீல் பக்கம் இரண்டு முட்டு, இரண்டு மூட்டை. கோபத்தில் ஒருவர் கதவைச் சாத்தும்போது வீடே ஆடினால், அந்தக் கோபத்தை யாரும் நம்ப மாட்டார்கள். கதவு மேடைக்கு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்பக்கம் திறந்தால் நுழைபவரை மறைக்கும். கதவுக்குப் பின்னால் நாலடி தள்ளி இன்னொரு பலகை நிறுத்த வேண்டும், இல்லையேல் திறக்கும் ஒவ்வொரு முறையும் பின்கட்டில் நிற்கும் ஒப்பனைக்காரர் தெரிவார்.

நிறம் பற்றி ஒரு கண்டிப்பான விதி: சுவர் முகத்தைவிட வெளிறி இருக்கக்கூடாது. உண்மையான லயத்துச் சுவர் சுண்ணாம்பு வெள்ளைதான். மேடையில் அந்த வெள்ளை எல்லா வெளிச்சத்தையும் வாங்கித் திருப்பி அடிக்கும், அதன் முன் நிற்கும் மாநிற முகம் கறுத்துப் போகும். வெள்ளைப் பெயின்டில் சாம்பலும் பழுப்பும் கலந்து, ‘இது அழுக்காகிவிட்டதே’ என்று தோன்றும் வரை இறக்குங்கள். விளக்கடியில் அதுதான் பழைய சுண்ணாம்பாகத் தெரியும். கீழ் ஒன்றரை அடியில் மழை தெறித்த செம்மண் கறையைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். பளபளப்புப் பெயின்ட் வேண்டாம், மங்கலான எமல்ஷன் போதும். மேடைத் தரை டைல்ஸாக இருந்தால் அதுவும் கண்ணாடி போலத் திருப்பி அடிக்கும். கறுப்படித்த பிளைவுட் பரப்புங்கள், அல்லது கனத்த துணி விரித்து நாலு ஓரமும் முழுவதும் டேப் ஒட்டுங்கள். தார்ப்பாய் விரிக்காதீர்கள்: மின்னும், சரசரக்கும், வழுக்கும்.

பால்மரங்களுக்கு (ரப்பர் மரங்களுக்கு), கார்பெட் சுற்றி வரும் கனத்த அட்டைக் குழாய்கள் ஐந்தாறு போதும். முன்னால் இடைவெளி அதிகமாகவும் பின்னால் போகப் போகக் குறைவாகவும் நேர்வரிசையில் நிறுத்தினால் தீம்பார் (ரப்பர் தோட்டம்) நீண்டு போவது போலிருக்கும். மரத்தின் நுனி சபைக்குத் தெரியக்கூடாது. மேல்திரைக்கு மேலே போய் மறைய வேண்டும். பாலெடுக்க மரத்தைச் சீவும் வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ, ஏறத்தாழ 30 டிகிரிச் சரிவில் இருக்கட்டும். இதைத் திருப்பிப் போட்டால் சபையில் பாதிப்பேர் அந்தக் கணமே நாடகத்தை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். அவர்கள் கைகள் அந்தக் கோட்டை ஆயிரம் ஆயிரம் முறை சீவியவை.

மேடையில் வைக்கும் ஒவ்வொரு பொருளையும் யாராவது ஒருமுறையேனும் தொட வேண்டும். தொடப்படாத பொருள் அலங்காரம், எடுத்துவிடுங்கள். வாளி தகர வாளியாகவே இருக்கட்டும், அதைக் கீழே வைக்கும் ஒலிக்கு மாற்றில்லை.

இருட்டைச் சம்பாதிப்பது

இருட்டு இல்லாமல் ஒளியமைப்பு இல்லை. நம் ஊரில் ஏழரை மணி வரை வானத்தில் வெளிச்சம் நிற்கும். எட்டரைக்குத் தொடங்குவதாக அறிவித்தால் காற்றுத் துவாரங்களைப் பற்றிக் கவலையில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பகலில் போட்டே ஆக வேண்டுமென்றால் மேடையை ஒட்டிய மூன்றிலொரு பங்கு துவாரங்களை மட்டும் கறுப்பு பிளாஸ்டிக் இரண்டு மடிப்பாக வைத்து மூடுங்கள். எல்லாவற்றையும் மூடினால் தகரக் கூரையின் கீழ் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் மயங்கிப் போவார்கள். வெளியேறும் கதவுகளையும் ‘கெலுவார்’ (வெளியேறும் வழி) பலகையின் பச்சை விளக்கையும் எக்காரணத்துக்காகவும் மறைக்கவோ அணைக்கவோ கூடாது.

மின்விசிறியைக் கவனியுங்கள். விளக்கு விசிறிக்கு மேலே இருந்து, ஒளி இறக்கைகளின் ஊடாக வந்தால், மேடை முழுவதும் விட்டு விட்டுத் துடிக்கும். விளக்கு கெட்டுவிட்டது என்று வயரைக் கழற்றி மாட்டி ஒரு மணி நேரத்தை வீணாக்குவார்கள். விளக்கை விசிறி மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். அல்லது அந்த ஒரு விசிறியை நிறுத்துங்கள்.

மின்சாரம்

இங்கே அவசரம் கூடாது. நம் மின்சாரம் 230 வோல்ட். ஒரு மூன்று முனை பிளக் தாங்குவது 13 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 2,990 வாட். அந்த எல்லை வரை போகாதீர்கள், ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு 2,000 வாட்டோடு நிறுத்துங்கள். எட்டு பார் லைட் தலா 150 வாட் என்றால் 1,200. இரண்டு ஹாலோஜன் 1,000. மொத்தம் 2,200 வாட். ஆகவே இரண்டு தனித்தனி இணைப்புகள் வேண்டும், ஒலிபெருக்கிக்கு மூன்றாவது. ஒரே சுவரில் இரண்டு பிளக் பாயின்ட் இருந்தால் அவை தனித்தனி இணைப்பு என்று நம்பிவிடாதீர்கள். மெயின் பெட்டியில் ஒவ்வொரு எம்.சி.பி.யாக (ஓர் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கி, எந்தப் பாயின்ட் அணைகிறது என்று மேஜை விளக்கை வைத்துச் சோதித்து, பாயின்டின் மேல் எண் ஒட்டுங்கள். மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்றும் பாருங்கள். விழவில்லை என்றால் பதிவு பெற்ற வயர்மேன் வந்து சரிசெய்யும் வரை விளக்கு ஏற்ற வேண்டாம். மெயின் பெட்டியைத் திறந்து நேரடியாக வயர் இழுப்பது உங்கள் வேலையல்ல.

எக்ஸ்டென்ஷன் வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ளதாக இருக்கட்டும். உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தினால் உள்ளே சூடு சேர்ந்து பிளாஸ்டிக் இளகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள். எல்.இ.டி. விளக்கை டிம்மரில் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) செருகக்கூடாது, அதற்குள்ளேயே மங்கச் செய்யும் அமைப்பு இருக்கிறது. டிம்மரில் போட்டால் துடிக்கும், அல்லது எரிந்து போகும். ஹாலோஜன் விளக்கு, துணிக்கும் பிளைவுட்டுக்கும் ஒரு மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். ஸ்டாண்டின் காலில் 15 கிலோ மணல் மூட்டை, தொங்கும் விளக்குக்கு எஃகுப் பாதுகாப்புக் கம்பி: இவை இரண்டும் இல்லாமல் பிள்ளைகளை மண்டபத்துக்குள் விடாதீர்கள்.

விளக்குகளை வைக்கும் இடம்

யேல் பல்கலைக்கழகத்தில் மேடை ஒளியைக் கற்பித்த ஸ்டான்லி மெக்கான்ட்லெஸ் 1930களில் வகுத்த முறை இன்றும் தொடக்கக்காரர்களுக்கு நல்ல அடித்தளம்: ஒவ்வொரு நடிப்பிடத்துக்கும் முன்னாலிருந்து இரண்டு விளக்கு, இடமும் வலமுமாக 45 டிகிரி விலகி, மேலிருந்து ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்து, ஒன்று வெதுவெதுப்பான நிறம், மற்றது குளிர்ந்த நிறம். முகத்தில் மூக்கும் கண்குழியும் தெரிவது இந்த வேறுபாட்டால்தான். நேர் முன்னாலிருந்து ஒரே விளக்கை அடித்தால் முகம் அடையாள அட்டைப் படம் போல் தட்டையாகிவிடும்.

நம் மண்டபத்தில் மேலிருந்து 45 டிகிரி கிடைக்காது. ஸ்டாண்டின் உயரம் 13 அடி. நடிகரின் முகம் மண்டபத் தரையிலிருந்து 8 அடி (மேடை 3, முகம் 5). மிஞ்சும் வித்தியாசம் ஐந்தடிதான். ஸ்டாண்டை மேடை விளிம்பிலிருந்து 8 அடி முன்னால், நடுக்கோட்டிலிருந்து 12 அடி ஓரத்தில், அதாவது இரட்டையர் கோட்டுக்கு இரண்டடி வெளியே வையுங்கள். மேடை நடுவில் விளிம்பிலிருந்து நாலடி உள்ளே நிற்பவருக்குக் கிடைமட்டத் தூரம் 17 அடி, சாய்வு 16 டிகிரி. குறைவுதான். அதனால் நிழல் பின்சுவரில் விழும் ஆபத்து உண்டு. ஆனால் விளக்கு பக்கவாட்டில் இருப்பதால், சுவரிலிருந்து ஆறடி முன்னால் நிற்பவரின் நிழல் ஆறடி ஓரமாகவும் இரண்டரை அடி கீழாகவும் தள்ளி விழும். பெரும்பாலும் திண்ணைக்குப் பின்னால் ஒளிந்துவிடும். நடிகர்கள் சுவரை ஒட்டி நிற்காமல் பழக்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

விளக்கின் விரிவு 25 டிகிரி என்று பெட்டியில் எழுதியிருந்தால், இந்தத் தூரத்தில் ஒளிவட்டம் ஏறக்குறைய எட்டடி. ஆகவே 24 அடி மேடையை முழுவதும் நிரப்ப முயலாமல் இரண்டு நடிப்பிடமாகப் பிரியுங்கள்: ஒரு பக்கம் வீட்டு வாசல், மறுபக்கம் பால்மரங்கள். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் இரண்டு விளக்கு, ஒன்று அருகிலுள்ள இடத்துக்கு, ஒன்று எதிர்ப்பக்கத்து இடத்துக்கு. நான்கு விளக்கு இதற்கே போயிற்று. வட்டங்கள் நடுவில் இரண்டடி ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். படியாவிட்டால் நடந்து கடப்பவர் நடுவழியில் ஒரு நொடி காணாமல் போய்த் திரும்புவார்.

அடுத்த இரண்டும் பக்கவாட்டுத் திரைக்குள், தலை உயரத்தில். அட்டைக் குழாய் மரமாவது இவற்றால்தான். எவ்வளவு முடியுமோ அவ்வளவு உள்ளே தள்ளி வையுங்கள். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும்: பத்தடியில் இருந்தவர் ஐந்தடிக்கு வந்தால் நாலு மடங்கு பளிச்சிடுவார். கடைசி இரண்டும் பின்னால் உயரத்தில், நடிகரின் தோளிலும் தலைமுடியிலும் விழும்படி. கறுமுடி கறுப்புத் திரையில் கரைந்து போகாமல் காப்பவை இவை. இவற்றின் நேர் ஒளி முன்வரிசையின் கண்ணில் குத்துகிறதா என்று கட்டாயம் உட்கார்ந்து பாருங்கள்.

இனி ஹாலோஜன் இரண்டு. இலை நிழல் வேண்டுமென்றால் பல சின்னப் பல்புகள் கொண்ட பார் லைட்டில் அது வராது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து நிழல் விழுந்து குழம்பும். ஒற்றைப் பல்பு ஹாலோஜனின் முன்னால் ஒரு மீட்டருக்குச் சற்றுத் தள்ளி உண்மையான பால்மரக் கிளையைக் கட்டுங்கள். கிளை விளக்கிலிருந்து விலகி மேடையை நெருங்க நெருங்க நிழல் கூர்மையாகும். ஒரு நூலைக் கட்டி மெல்ல இழுத்தால் காற்று வீசும். மூன்று மூன்றாக நிற்கும் அந்த இலைகளின் நிழல் திண்ணையில் அசைந்தால் தோட்டம் மேடைக்கு வந்துவிட்டது. கதை இலையுதிர்ந்த மாதங்களில் நடக்கிறதென்றால் இலையைக் கிள்ளிவிட்டு வெறும் கிளையைக் கட்டுங்கள். தரையில் வெளிச்சம் கூடும், மனத்தில் வெறுமை கூடும். இரண்டாவது ஹாலோஜன் கதவுக்குப் பின்னால், மாலை வெயிலாக.

பாட்டியின் நினைவில் வரும் காட்சிக்குக் கொசுவலைத் துணி நல்ல உதவி. மேலிருந்து செங்குத்தாக முன்புறம் வெளிச்சம் விழுந்து, பின்னால் இருட்டாக இருந்தால் அது சுவர். முன் விளக்கைக் குறைத்துப் பின்னால் ஏற்றினால் சுவர் கரைந்து உள்ளே மனிதர்கள் தெரிவார்கள். நேர் முன்னாலிருந்து விளக்கடித்தால் ஒளி ஓட்டை வழியாகப் போய்ப் பின்னால் நிற்பவரை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

டி.எம்.எக்ஸ். இணைப்பு

ஒளிக் கட்டுப்பாட்டு மேசையிலிருந்து விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் வயர் இணைப்பு இது. ஒரு வரிசையில் 512 சேனல். விளக்குக்கு ஏழு சேனல் என்றால் முதல் விளக்கின் எண் 1, அடுத்தது 8, அடுத்தது 15. மேசையிலிருந்து முதல் விளக்குக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாக 32 விளக்கு வரை போகலாம். இரண்டாகப் பிரிக்கும் ஒய் வயர் கூடாது. கடைசி விளக்கில் 120 ஓம் முடிப்பான் (டெர்மினேட்டர்) செருகுங்கள். காரணமில்லாமல் விளக்குகள் தானாக நிறம் மாறினால் அநேகமாக முடிப்பான் இல்லை, அல்லது யாரோ மைக் வயரை நடுவில் போட்டிருக்கிறார்கள். முனை ஒன்று போலிருந்தாலும் இரண்டும் வேறு வயர்.

நிறமும் முகமும்

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றை மட்டும் கலந்து வெள்ளை காட்டும் மலிவு விளக்குகளில் மாநிற முகம் சாம்பல் பூசியது போலாகும். வாடகைக்கு எடுக்கும்போதே தனி வெள்ளையோ ஆம்பரோ (பொன்மஞ்சள்) உள்ள விளக்கைக் கேளுங்கள். ஈப்போ அரை மணி நேரத் தூரம்தான், நேரில் போய் உங்கள் கையை நீட்டிப் பார்த்து எடுங்கள். சுவரைப் பார்த்து நிறம் சேர்க்காதீர்கள். நடிகரை ஒப்பனையோடு நிறுத்தி, வெள்ளையில் தொடங்கி, கன்னம் உயிர் பெறும் வரை ஆம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பச்சை, நோய்க்கும் அச்சத்துக்கும் மட்டும்.

இரவென்றால் நீலம் என்று எல்லோருக்கும் தெரியும். நீலத்தை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் தெரிவதில்லை. மங்கிய ஒளியில் நம் கண் நீலத்துக்குக் கூர்மையாகி, சிவப்பைக் கறுப்பாகக் காணும். குங்குமம் மறையும், உதடு மறையும், சிவப்புப் புடவை கறுப்புப் புடவையாகும். விதவைக் கோலம் என்று சபை தவறாகப் புரிந்துகொள்ளவும் கூடும். பின்னாலிருந்து நீலம், முன்னால் ஒரு பக்கத்திலிருந்து இருபது விழுக்காடு மஞ்சள் ஒளி: வீட்டுக்குள் ஒரு விளக்கு எரிவதாகவும் ஆயிற்று, முகமும் கிடைத்தது. புடவை வாங்குமுன் ஒரு சாண் துணியை எல்லா நிறத்திலும் காட்டிப் பாருங்கள்.

விடியலை ஏற்றுவது

தோட்டத்து நாடகத்தில் இதைவிட முக்கியமான ஒளி மாற்றம் இல்லை. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாகச் சுரக்கும் என்பதால் மரம் சீவுவோர் இருட்டிலேயே கிளம்புவார்கள். சூரியன் எழுவது ஏழு மணியை ஒட்டி. நம் பகுதியில் விடியல் இழுத்துக்கொண்டே போகாது, இருபது நிமிடச் சொச்சத்தில் இருள் போய்ப் பகலாகிவிடும். மேடையில் அதை மூன்று நிமிடமாகச் சுருக்குங்கள்.

முதலில் முழு இருட்டு, நாலு நொடி. பின் பால்மரங்களுக்கு நடுவே, சீவுவோர் தலையில் கட்டும் ஒரு தலைவிளக்கு, பிறகு இரண்டு, மூன்று. வேறு எந்த விளக்கும் வேண்டாம். தலைவிளக்கின் முன் டிரேசிங் பேப்பர் ஒட்டினால் சபையின் கண் கூசாது. நடிகர் மரத்தைப் பார்த்தபடி நிற்கும்போது அவர் முகம் எப்படித் தெரியும்? வெட்டுக்கோட்டைச் சுற்றி ஒரு முழம் வெளிர் பழுப்புத் துணியை ஒட்டுங்கள். தலைவிளக்கின் ஒளி அதில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும். அந்தச் சின்ன ஒளியில் ஒரு பெண் குனிந்து சீவுவதைச் சபை மூச்சுவிடாமல் பார்க்கும். அரை நிமிடத்துக்குப் பின் பின்விளக்குகளில் ஆழ்ந்த நீலம், பத்து விழுக்காடு. அதை ஒன்றரை நிமிடத்தில் முப்பதுக்கு ஏற்றுங்கள். ஏறுவது யாருக்கும் தெரியக்கூடாது. பிறகு ஒரே பக்கத்திலிருந்து ஆம்பர், மரங்களின் ஒரு ஓரம் மட்டும் பொன்னாக. கடைசியாக இலை நிழல். முன்விளக்கு முழுவதும் வருவது முதல் வசனத்துக்கு ஒரு நொடி முன்னால்.

இங்கே வழக்கமாக நேரும் பிழை, சபைக்கு எதுவும் தெரியவில்லையே என்று விளக்கை இயக்குபவர் பயந்து முன்விளக்கை முன்கூட்டியே ஏற்றிவிடுவது. இருட்டுக்கு வந்த கண்ணுக்குப் பழகச் சில நிமிடம் தேவை. அதனால் நாடகம் தொடங்குவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன்பே மண்டப விளக்கைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

கியூ தாள்

கியூ என்பது ஒரு விளக்கு மாற்றத்துக்கான குறிப்பு. கண் பட்டியலை இப்போது எண்ணிட்டு எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் எண், எந்தச் சொல்லில் அல்லது அசைவில், எது எவ்வளவுக்கு, எத்தனை நொடியில்.

‘கியூ 7. அப்பா கடிதத்தை மடிக்கும்போது. வாசல் 80லிருந்து 40. 12 நொடி.’
‘கியூ 8. கதவு சாத்தும் ஒலியில். எல்லாம் 0. உடனே.’
‘கியூ 9. பாட்டி இருமல். திண்ணை பின்விளக்கு 30. 5 நொடி.’

மனம் மாறும் இடங்களுக்கு நீண்ட நொடிகள், நிகழ்ச்சி முறியும் இடங்களுக்கு உடனடி மாற்றம். காட்சி மாற்றத்துக்கான இருட்டு ஐந்து நொடியைத் தாண்டினால் பேச்சு தொடங்கும், கைப்பேசிகள் ஒளிரும், பழகிய கண்ணின் இருட்டு அத்தோடு போய்விடும். அதற்குள் திண்ணையை மாற்ற முடியாது என்றால் இருட்டாக்காதீர்கள். மங்கிய நீலத்தில் நடிகர்களே பாத்திர நடையோடு பொருளை எடுத்துப் போகட்டும், வீட்டைக் காலி செய்யும் கதைக்கு அது பொருந்தவும் செய்யும். மேடைப் படிகளின் விளிம்பில் ஒளிரும் டேப் துண்டுகள் ஒட்டாமல் முழு இருட்டு கொடுக்க வேண்டாம்.

மழைக்கும் ஒரு கியூ எழுதி வையுங்கள். தகரக் கூரையில் அடைமழை பிடித்தால் மைக் இருந்தும் வசனம் கேட்காது. உதட்டசைவு தெரிந்தால் பாதி புரியும். முன்விளக்கை 15 விழுக்காடு ஏற்றுவது, நடிகர்கள் இரண்டடி முன்னால் வருவது என்று ஒத்திகையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில்நுட்ப ஒத்திகை

குறைந்தது ஓர் இரவு இதற்கே வேண்டும். முழு நாடகமும் ஓடத் தேவையில்லை. ஒவ்வொரு கியூவுக்கும் முன் நாலு வரி, கியூ, பின் நாலு வரி, அடுத்ததற்குத் தாவுங்கள். இயக்குபவர் மண்டபத்தின் பின்புறம், மேடை முழுவதும் தெரியும் இடத்தில் உட்கார வேண்டும். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒளியமைப்பு செய்ய முடியாது. கியூ சொல்ல ஒருவர், கை வைக்க ஒருவர். இருவரும் ஒருவரே ஆனால் கதையில் மூழ்கிக் கியூவைத் தவறவிடுவார். அன்று ஊரிலிருந்து நாலைந்து பேரை அழைத்து வெவ்வேறு நாற்காலிகளில் உட்காரவைத்து, முடிந்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: கடிதம் வந்தபோது எதைப் பார்த்தீர்கள்? கடிதம் என்று சொல்லாதவர் உட்கார்ந்த நாற்காலிக்குப் போய் நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

நாடகம் முடிந்த இரவு, ஹாலோஜன் விளக்குகளை இருபது நிமிடம் ஆறவிட்டுப் பிறகே கழற்றுங்கள். சூட்டில் அசைத்தால் பல்பின் இழை அறும். வயர்களை முழங்கையில் சுற்றாமல் வளையம் வளையமாகக் கையில் மடித்துக் கட்டுங்கள். தரையில் ஒட்டிய டேப்பை அன்றே உரித்துவிட வேண்டும், மறுநாள் வெக்கையில் பசை இளகி ஊறிவிட்டால் பூப்பந்துக் கோட்டின் பெயின்டும் சேர்ந்தே உரியும்.